தொழுநோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிப்பது எப்படி?

அரிக்காது, வலிக்காது, எரியாது. தொழுநோயின் முதல் படை இப்படித்தான் இருக்கும். தொல்லை எதுவும் தராததால் அதற்காக யாரும் டாக்டரைத் தேடிப் போவதில்லை. இந்த நோயில் வரும் ஊனங்களில் பெரும்பாலானவை, படை தோன்றிய நாளுக்கும் சிகிச்சை தொடங்கிய நாளுக்கும் இடையில் வீணான மாதங்களில் வந்தவை. பரவல் கணக்கைப் பார்த்தாலும் பரிசோதனை முறையைப் பார்த்தாலும் இந்தத் தாமதம்தான் மையப் பிரச்சினை என்பது புரியும்.

தோலில் தெரிந்தாலும் தொழுநோய் அடிப்படையில் ஒரு நரம்பு நோய். இதற்குக் காரணமான மைக்கோபாக்டீரியம் லெப்ரே என்ற கிருமியை 1873இல் நார்வேயின் பெர்கன் நகரில் ஆர்மவர் ஹான்சன் கண்டுபிடித்தார். ஒன்று இரண்டாகப் பிரிய அது 12 முதல் 14 நாள் எடுத்துக்கொள்ளும். அதன் உறவான காசநோய்க் கிருமிக்கு ஒரு நாள்கூடத் தேவையில்லை. இவ்வளவு மெதுவாகப் பெருகுவதால், கிருமி உள்ளே போன பிறகு முதல் அறிகுறி தெரிய சராசரியாக 5 ஆண்டு ஆகிறது. 20 ஆண்டு கழித்து வெளிப்பட்டவர்களும் உண்டு. இந்தக் கிருமியை ஆய்வகத் தட்டில் வளர்க்க இன்றுவரை வழியில்லை. எலியின் பாதத்திலும் அர்மடில்லோ என்ற ஓடுள்ள விலங்கிலும்தான் வளர்க்கிறார்கள். எனவே மற்ற பல தொற்றுகளுக்குச் செய்வதுபோல் மாதிரி எடுத்து வளர்த்துப் பார்த்து உறுதிசெய்யும் வசதி இங்கே இல்லை.

இன்னொரு குணம், அதற்கு உடலின் உட்சூடு ஒத்துக்கொள்வதில்லை. ஏறக்குறைய 30 டிகிரி செல்சியஸில்தான் நன்றாக வளரும். அதனால் காது மடல், மூக்கு, முகம், முழங்கை, முழங்கால், கணுக்கால் போன்ற குளிர்ந்த இடங்களையும், தோலுக்குச் சற்றுக் கீழே ஓடும் நரம்புகளையும் பிடிக்கிறது. எங்கே பார்க்க வேண்டும், எந்த நரம்பைத் தொட வேண்டும் என்பதெல்லாம் இந்த ஒரு காரணத்திலிருந்து வருபவை.

யாருக்கு வருகிறது?

சிகிச்சை பெறாத நோயாளியின் மூக்கு, வாய்த் துளிகள் வழியாகப் பரவுகிறது. அதற்கும் மாதக்கணக்கான, ஆண்டுக்கணக்கான நெருங்கிய பழக்கம் வேண்டும். கைகுலுக்குவதாலோ, ஒரே பந்தியில் சாப்பிடுவதாலோ, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருவதாலோ வராது. மனிதர்களில் சுமார் 95 சதவீதம் பேருக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே இருக்கிறது. பரம்பரை நோயும் அல்ல. ஆனால் எதிர்ப்பாற்றலில் மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. அதனால் ஒரு வீட்டில் நோயாளி இருந்தால் இரத்த உறவினருக்கு ஆபத்து கூடுதல். பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுமருந்துச் சிகிச்சையின் முதல் வேளையிலேயே கிருமிகளில் மிகப் பெரும்பாலானவை செத்துவிடுகின்றன. எனவே மருந்து சாப்பிடுகிறவரால் ஆபத்து இல்லை. நோய் இருப்பதே தெரியாமல் நடமாடுகிறவர்தான் பரப்புகிறார்.

ஒரே கிருமி, உடலின் எதிர்ப்பாற்றலைப் பொறுத்து வெவ்வேறு நோயாகத் தெரியும். எதிர்ப்பு வலுவாக இருந்தால் ஒன்றிரண்டு படைதான் வரும். ஓரம் தெளிவாக இருக்கும். கிருமி அதிகம் இருக்காது. எதிர்ப்பு இல்லாதவர் உடலில் கோடிக்கணக்கில் பெருகும். கள வேலைக்கு வசதியாக 5 படை வரை இருந்தால் குறைகிருமி வகை, அதற்கு மேல் போனால் பல்கிருமி வகை என்று பிரிக்கிறார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட நரம்பு தடித்திருந்தாலும், கீறல் பரிசோதனையில் (தோலைக் கீறி எடுத்த திசு நீரைச் சாயமேற்றிப் பார்ப்பது) எந்த இடத்திலாவது கிருமி தெரிந்தாலும், படையின் எண்ணிக்கை எதுவானாலும் பல்கிருமி வகை என்பதே இந்தியாவின் நடைமுறை. அரசு மருத்துவமனைச் சீட்டில் குறைகிருமி வகையை பி.பி. என்றும் பல்கிருமி வகையை எம்.பி. என்றும் எழுதுவார்கள்.

எண்களைப் படிக்கும்போது ஏமாறாமல் இருக்க

2023இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு வந்த கணக்குப்படி புதிய நோயாளிகள் 1,82,815 பேர். இவர்களில் 1,07,000க்கும் மேற்பட்டோர் இந்தியாவில் இருந்தார்கள். பிரேசிலும் இந்தோனேசியாவும் அடுத்த இடங்களில் வருகின்றன. ஆனால் இந்தியா 2005 டிசம்பரிலேயே தேசிய அளவில் தொழுநோய் ஒழிப்பு இலக்கை எட்டிவிட்டது. இலங்கை 1995இல் எட்டியது. அங்கே அதற்குப் பிறகும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேல் புதியவர்கள் கண்டறியப்பட்டு வந்திருக்கிறார்கள். இது எப்படி?

1991இல் உலக சுகாதாரப் பேரவை வைத்த இலக்கு, 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவான நோயாளி என்பது. அதில் எண்ணப்பட்டது அன்றைய தேதியில் சிகிச்சைப் பதிவேட்டில் இருப்பவர்களை. 10 லட்சம் பேர் வாழும் ஒரு மாவட்டத்தைக் கற்பனை செய்வோம். ஆண்டுக்கு 200 பேர் புதிதாக வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் 2 ஆண்டு சிகிச்சை என்றால் எந்த நாளிலும் பதிவேட்டில் 400 பேர் இருப்பார்கள்; 10,000க்கு 4. இப்போது சிகிச்சைக் காலத்தைப் பாதிப் பேருக்கு 6 மாதமாகவும் மீதிப் பேருக்கு ஓராண்டாகவும் குறைத்துவிடுவோம். பதிவேட்டில் 150 பேர்தான் மிஞ்சுவார்கள், 10,000க்கு 1.5. பரவல் துளியும் குறையவில்லை, எண் மட்டும் சரிந்துவிட்டது. உண்மையிலும் இதைப் போன்ற ஒன்று நடந்தது. டாப்சோன் என்ற ஒரே மருந்தை மட்டும் கொடுத்த காலத்தில் ஆயுள் முழுக்கப் பதிவேட்டில் இருந்தவர்கள் உண்டு. 1981இல் கூட்டுமருந்து பரிந்துரைக்கப்பட்ட பிறகு பல்கிருமி வகைக்குக் குறைந்தது 2 ஆண்டு என்றானது; 1990களின் இறுதியில் அது 12 மாதமானது. சிகிச்சை குறுகியது நோயாளிகளுக்கு நல்லதே. இலக்கை எட்டிய எண்ணில் அதற்கும் ஒரு பங்கு உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இலக்கை எட்டியதாக அறிவித்த பிறகு பல இடங்களில் வீடு வீடாகத் தேடும் வேலை சுருங்கியது. தொழுநோய்க்கென்றே இருந்த பணியாளர்கள் பொதுச் சுகாதாரத் துறையில் கரைந்தார்கள். தேடாவிட்டால் கிடைக்காது, கிடைக்காததை இல்லாதது என்று எழுதுவது எளிது. மீண்டும் முனைந்து தேடினால் எண் ஏறும். 'நோய் பெருகிவிட்டது' என்று செய்தி வரும்போது, அந்த ஆண்டில் தேடல் முகாம் நடந்ததா என்று முதலில் கேட்க வேண்டும்.

ஒரு வட்டாரத்தின் உண்மை நிலையை அறிய வேறு இரண்டு எண்கள் உதவும். முதலாவது, புதியவர்களில் குழந்தைகள் எத்தனை பேர் என்பது. ஏழு வயதுக் குழந்தைக்கு நோய் என்றால், அண்மைக் காலத்தில் அதன் அருகில் கண்டறியப்படாத ஒரு பெரியவர் இருந்திருக்கிறார்; இன்னமும் இருக்கலாம். இரண்டாவது, கண்டறியும்போதே தரம் 2 ஊனத்துடன் வந்தவர்கள் எத்தனை பேர் என்பது. மடங்கிய விரல், தொங்கும் பாதம், ஆறாத புண், மூட முடியாத கண், 6 மீட்டரில் விரல்களை எண்ண முடியாத பார்வை ஆகியவை தரம் 2. கண்ணுக்குத் தெரியும் கோளாறு இல்லை, ஆனால் உள்ளங்கையிலோ உள்ளங்காலிலோ உணர்ச்சி போயிருக்கிறது என்றால் தரம் 1. புதியவர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்து, அவர்களில் தரம் 2 பங்கு ஏறிக்கொண்டே போனால் மகிழ ஒன்றுமில்லை. நோய் குறையவில்லை, நோயாளிகள் தாமதமாக வருகிறார்கள் என்று பொருள்.

தாமதத்துக்குக் காரணம் அறியாமை மட்டுமல்ல, அச்சமும்தான். இந்தியாவில் நோயாளிகளை ஒதுக்கிவைக்க வழிசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்ற பிரிவு தனிநபர் சட்டங்களிலிருந்து 2019இல்தான் போனது. ஆறே மாதத்தில் அல்லது ஓராண்டில் குணமாகும் நோய்க்கு இத்தனை காலம் அந்தப் பிரிவு இருந்தது!

படையைச் சோதிக்கும் முறை

மூன்று முதன்மை அடையாளங்களில் ஒன்று இருந்தாலும் தொழுநோய் உறுதி. நிறம் வெளுத்தோ சிவந்தோ இருக்கும் படையில் உணர்ச்சி திட்டவட்டமாக இல்லாமல் போவது முதலாவது. நரம்பு தடித்து, அது ஊட்டும் பகுதியில் உணர்ச்சியோ தசை வலுவோ குறைவது இரண்டாவது. தோல் கீறல் பரிசோதனையில் கிருமி தெரிவது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் கருவி எதுவும் வேண்டாம். கிராமச் செவிலியரின் கையே போதும், ஆனால் முறை தவறக் கூடாது.

நல்ல பகல் வெளிச்சத்தில் உடல் முழுக்கப் பாருங்கள். வெளிர் படை டார்ச் வெளிச்சத்தில் கரைந்துவிடும். சட்டைக்கு வெளியே தெரியும் இடத்தை மட்டும் பார்த்து அனுப்புவதுதான் மிக அதிகமாக நடக்கும் பிழை. பிட்டம், தொடை, முதுகு ஆகிய மூன்றிலும் நோயாளியே கவனிக்காத படைகள் இருக்கும். பெண்களைப் பெண் பணியாளர் மறைவான இடத்தில் பார்க்க வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாத முகாம்களில் பெண் நோயாளிகள் விடுபடுவது வியப்பல்ல.

உணர்ச்சியைச் சோதிக்கப் பஞ்சை நுனி கூராகத் திரித்துக்கொள்ளுங்கள், அல்லது பால்பாயின்ட் பேனா முனையை எடுத்துக்கொள்ளுங்கள். என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை நோயாளி கண் திறந்திருக்கும்போதே இயல்பான தோலில் செய்து காட்டுங்கள்: "நான் தொட்ட இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள்." புரிந்துகொண்டார் என்று தெரிந்த பிறகு கண்ணை மூடச் சொல்லுங்கள். முதலில் நல்ல தோலில் ஓரிரு முறை, பிறகு படையின் நடுவில், மறுபடி நல்ல தோலில் என்று ஒழுங்கில்லாமல் மாற்றி மாற்றித் தொட வேண்டும். ஒரே தாளத்தில் தொட்டால் நோயாளி ஊகித்துக் காட்டிவிடுவார்.

தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் நேர்கின்றன. பஞ்சைத் தேய்த்து இழுத்தால் பக்கத்து நல்ல தோல் அதை உணர்ந்துவிடும். செங்குத்தாகத் தொட்டு எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் "தெரிகிறதா?" என்று கேட்கக் கூடாது, அந்தக் கேள்வியே தொட்டதைச் சொல்லிவிடும். காய்ப்பு ஏறிய உள்ளங்காலைப் பஞ்சால் சோதிப்பது பயனற்றது, ஆரோக்கியமானவருக்கும் தெரியாது; அங்கே பேனா முனையால் தோல் இலேசாகக் குழியும் அளவுக்கு அழுத்த வேண்டும். முகத்தில் நரம்பு நெருக்கமாக இருப்பதால், அங்கே தொழுநோய்ப் படையிலும் உணர்ச்சி மிஞ்சியிருக்கலாம். முகப் படையில் உணர்ச்சி இருக்கிறது என்பதற்காக நோய் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது.

சிறு குழந்தைகள் சரியாகப் பதில் சொல்ல மாட்டார்கள். அவர்களிடம் வியர்வையைப் பார்க்கலாம். சற்று ஓடி விளையாடவிட்டுப் பார்த்தால் சுற்றியுள்ள தோல் நனைந்திருக்கும், படை மட்டும் வறண்டிருக்கும். பெரியவர்களிடம்கூட வறட்சியும் படையின் மேல் முடி உதிர்ந்திருப்பதும் நல்ல துப்புகள். பொதுவாகச் சூடு, குளிர் அறியும் திறன் முதலில் போகிறது, தொடு உணர்வு பிறகு போகிறது. ஐயம் இருந்தால் ஒரு சோதனைக் குழாயில் வெதுவெதுப்பான நீரும் இன்னொன்றில் குளிர்ந்த நீரும் வைத்து மாற்றி மாற்றித் தொட்டுப் பார்க்கலாம். நீர் 45 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. உணர்ச்சியற்ற தோல் வெந்தாலும் நோயாளிக்குத் தெரியாது.

எல்லா வெளிர் படையும் தொழுநோய் அல்ல, பெரும்பாலானவை வேறு. மார்பிலும் முதுகிலும் செதிலாக உதிரும் தேமல் பூஞ்சையால் வருவது. படர்தாமரை நன்றாக அரிக்கும். வெண்புள்ளி சுண்ணாம்புபோல் முழு வெள்ளையாக இருக்கும், அதில் உணர்ச்சி குறையாது. தொழுநோய்ப் படை நிறம் மங்குமே தவிர முழுக்க வெளுக்காது. பிறவி மச்சம் பிறந்ததிலிருந்தே இருக்கும். ஆறு வாரம் பூஞ்சை மருந்து தடவியும் அசையாத, அரிப்பே இல்லாத படையைப் பார்த்தால் களிம்பை மாற்றிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டுப் பஞ்சை எடுக்க வேண்டும். ஸ்டீராய்டு கலந்த களிம்பு இன்னும் மோசம். சிவந்த படையைத் தற்காலிகமாக மங்கச் செய்து மாதங்களை விழுங்கிவிடும்.

உணர்ச்சி போகாமல் வரும் தொழுநோய்

'உணர்ச்சியற்ற தேமல்' என்ற சுவரெழுத்து நல்ல விளம்பரம்தான், ஆனால் அதில் பாதி உண்மைதான் இருக்கிறது. கிருமி நிறைந்த வகையின் தொடக்கத்தில் படையே தெளிவாக இருக்காது, உணர்ச்சியும் இருக்கும். இவர்கள்தான் அதிகம் பரப்புகிறவர்கள், தவறவிடப்படுகிறவர்களும் இவர்களே. பக்கவாட்டு வெளிச்சத்தில் தோல் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். காது மடல் தடித்துக் கனக்கும். புருவத்தின் வெளி ஓரத்தில் முடி உதிரும். மூக்கு அடைத்துக்கொண்டு சளியில் இரத்தம் வரும். மாலையில் பாதம் வீங்கும். முகத்திலோ உடலிலோ வலியில்லாத சிறு கட்டிகள் தோன்றும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் வேறு காரணம் சொல்லிவிடலாம். மூக்கடைப்புக்குக் காது-மூக்கு-தொண்டை மருத்துவர், கால் வீக்கத்துக்குச் சிறுநீரகப் பரிசோதனை என்று நோயாளி அலைந்துகொண்டிருப்பார். இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் கீறல் பரிசோதனை கட்டாயம்.

படையே இல்லாமல் நரம்பை மட்டும் தாக்கும் வகையும் இந்தியாவில் அரிதல்ல. விரல் மரத்துப்போவதைச் சர்க்கரை நோயின் தலையில் கட்டிவிடுவது எளிது. சர்க்கரை நோயில் பொதுவாக இரு பாதமும் சமமாக மரக்கும். தொழுநோயில் ஒரு கையின் சுண்டுவிரல், மோதிரவிரல் என்று ஒரு நரம்பின் எல்லைக்குள் தொடங்கும்.

நரம்பைத் தொட்டுப் பார்ப்பது

முக்கியமானது முழங்கையின் உட்புற எலும்புக்குப் பின்னால் பள்ளத்தில் ஓடும் அல்நார் நரம்பு. நாற்காலியில் இடித்துக்கொண்டால் 'சுர்' என்று சுண்டுவிரல் வரை ஓடுமே, அதுதான். முழங்கையைச் சற்று மடக்கவைத்து விரல் நுனிகளின் தசைப்பகுதியால் மெதுவாக உருட்டிப் பாருங்கள். இரு பக்கத்தையும் ஒப்பிட வேண்டும். உழைக்கும் கைகளில் நரம்பு இயல்பாகவே சற்றுப் பருத்திருக்கும். தொடும்போது நோயாளியின் முகத்தைக் கவனியுங்கள். முகம் சுளித்தால் நரம்பில் அழற்சி இருக்கலாம். அடுத்து, முழங்காலுக்குக் கீழே வெளிப்புறத்தில் எலும்பின் கழுத்தைச் சுற்றி வரும் நரம்பு, கணுக்காலின் உட்புற எலும்புக்குப் பின்னால் ஓடும் நரம்பு, தலையை ஒரு பக்கம் திருப்பினால் கழுத்தில் குறுக்கே கயிறுபோல் தெரியும் நரம்பு.

பிறகு தசைகளைச் சோதிக்க வேண்டும். சுண்டுவிரலை வெளியே விரிக்கவைத்து அதை உள்ளே தள்ளுங்கள். உள்ளங்கை மேல் நோக்கியிருக்கக் கட்டைவிரலை வானம் பார்க்க நிமிர்த்தச் சொல்லி அழுத்துங்கள். மணிக்கட்டையும் பாதத்தையும் மேலே தூக்கவைத்து எதிர்த்துப் பாருங்கள். கண்ணை மெதுவாக மூடச் சொல்லி இமைகளுக்கு நடுவே இடைவெளி விழுகிறதா என்று பாருங்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும். சிகிச்சைக் காலத்தில் மாதாமாதம் மருந்து அட்டை வாங்க வரும்போதும் இதைத் திரும்பச் செய்து எழுதிவைப்பது அவசியம். நரம்பின் வேலை குறைந்து ஆறு மாதத்துக்குள் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்கினால் பெருமளவு மீளும். அதற்குப் பிறகு மீள்வது கடினம். மருந்து சாப்பிடத் தொடங்கிய பின்னும் படை திடீரென்று சிவந்து வீங்கலாம், நரம்பு வலிக்கலாம். இது எதிர்ப்பாற்றல் செய்யும் கலவரம், மருந்தின் கேடு அல்ல. மாத்திரையை நிறுத்தாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

கீறல் பரிசோதனை எங்கே உதவும்?

காது மடலையோ படையின் ஓரத்தையோ இரு விரலால் இரத்தம் விலகித் தோல் வெளுக்கும் வரை அழுத்திப் பிடித்து, கூர்க்கத்தியால் சுமார் 5 மில்லிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் ஆழமும் கீறி, கத்தியைத் திருப்பி உட்பக்கத்தைச் சுரண்டி வரும் திசு நீரைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றிப் பார்ப்பார்கள். பிடி தளர்ந்தால் இரத்தம் கலந்து மாதிரி நீர்த்துவிடும். கிருமியின் அளவை 0 முதல் 6 வரை எண்ணால் குறிப்பார்கள். ஒவ்வொரு படியும் முந்தையதைப்போல் சுமார் பத்து மடங்கு. பல்கிருமி வகைக்கு இது அருமையான சோதனை. குறைகிருமி வகையில் விடை இயல்பாகவே 'இல்லை' என்றுதான் வரும். உணர்ச்சியற்ற படை இருந்தும் 'ஸ்மியர் நெகட்டிவ்' (கீறலில் கிருமி இல்லை) என்ற சீட்டைக் காட்டி நோயாளியைத் திருப்பி அனுப்புவது தவறு. இரத்தப் பரிசோதனை எதுவும் தனியாக இந்த நோயை உறுதிசெய்யாது.

உறுதியான பிறகு ரிபாம்பிசின், டாப்சோன், குளோபாசிமின் கூட்டுமருந்து. குறைகிருமி வகைக்கு 6 மாதம், பல்கிருமி வகைக்கு 12 மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். சிறுநீர் சிவப்பாகப் போவதும் தோல் கறுப்பதும் மருந்தால் வருபவை, பயப்பட வேண்டியதில்லை. ஆனால் முதல் சில வாரங்களில் காய்ச்சலுடன் தோல் முழுக்கத் தடிப்பு வந்தால் டாப்சோன் ஒவ்வாமையாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒருவருக்கு உறுதியானால் அந்த வீட்டில் அனைவரையும் சோதிக்க வேண்டும். நோய் இல்லாத 2 வயதுக்கு மேற்பட்டோருக்கு ஒரே ஒரு வேளை ரிபாம்பிசின் கொடுக்கலாம். 15 வயதுக்கு மேல் 600 மில்லிகிராம். காசநோய்க்கான அறிகுறி இருப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பதில்லை. வங்கதேசத்தின் வடமேற்கில் நோயாளிகளோடு நெருங்கிப் பழகிய 20,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வில், முதல் 2 ஆண்டில் நோய் வருவது இதனால் 57 சதவீதம் குறைந்தது. முழுப் பாதுகாப்பு அல்ல. அதிலும் ஒரே வீட்டில் வாழும் இரத்த உறவினரிடம் பலன் குறைவாகவே இருந்தது. ஆகவே மாத்திரை வாங்கியவர்களையும் ஆண்டுக்கு ஒருமுறையாக ஐந்து ஆண்டுக்கு அழைத்துப் பார்க்க வேண்டும். பிட்டமும் முதுகும் உட்பட.